கிள்ளானில் இருக்கிறாள் தர்சிகா

காலை ஏழு பத்துக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினேன். கட்டுநாயக்காவிலிருந்து மூன்றரை மணி நேரப் பறப்பு. கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் நாட்டைவிட்டு வெளியே வருவது இதுவே முதல் தடவை. சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரு தாய்க்குப் பதில் சொல்ல வந்தேன்.

நகரம் அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பேருந்துக்குப் பதினைந்து ரிங்கிட். வழி நெடுக எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். எங்கள் பனைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை குள்ளமாகவும் குண்டாகவும் தெரிந்தன. ஒன்பதரைக்குக் கேஎல் சென்ட்ரல் நிலையம். பிரிக்ஃபீல்ட்ஸில் எடுத்திருந்த விடுதி அறையில் பையை வைத்துவிட்டு மறுபடியும் நிலையத்துக்கு நடந்தேன்.

10.40. கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பந்திங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவர், நான் டிக்கெட் கேட்ட விதத்தைக் கவனித்திருக்கிறார்.

"சிலோனா நீங்க? பேச்சுலயே தெரியுது. கிள்ளான்ல சொந்தமா?"

"சொந்தம் எண்டு சொல்லேலாது. தெரிஞ்ச பிள்ளை ஒராள்."

"அப்போ சந்தோஷமா போங்க லா. ஏன் இப்படிப் பயந்தமாதிரி இருக்கீங்க?"

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2009. வன்னியில் இராணுவம் கடைசியாக முன்னேறிய மாதங்கள். கடலுக்கும் களப்பு என்னும் உப்பு நீரேரிக்கும் நடுவே, மாத்தளன் மணலில் அடைபட்டுக் கிடந்தோம். மருத்துவமனையாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் காயப்பட்டோரின் பெயர் எழுதும் தொண்டராக இருந்தேன், வயது இருபத்துநான்கு. அவர்களை ஏற்றிப்போகும் கப்பல் தூரத்தில் நிற்கும். கரையிலிருந்து சிறு படகுகளில் கொண்டுபோவார்கள். வசந்தி என்றொரு தாய், தொடையில் செல் என்னும் எறிகணையின் துண்டு பட்ட நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணவர் கஞ்சி வாங்கப் போய் மூன்று நாளாகத் திரும்பவில்லை. ஏழு வயது மகள் தர்சிகா தாயின் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். அன்று படகில் காயக்காரருடன் ஒருவருக்குத்தான் இடம்.

"மகனோட போங்கோ அக்கா. பிள்ளையை நான் பாக்கிறன்" என்றேன். என்னை நம்பிப் போனார்.

சில நாள்களில் சனம் முழுவதும் களப்புக்குள் இறங்கியது. எனக்கு இடுப்பளவு தண்ணீர், பிள்ளைக்குக் கழுத்தளவு. பக்கத்தில் செல் விழுந்தது. நான் விழுந்து எழும்பியபோது என் கையில் அவள் கை இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். பிறகு சனத்தோடு ஓடினேன்.

இரண்டே தரம். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ஓர் அழைப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கிள்ளானுக்குப் போன இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். "மாத்தளனில பேர் எழுதின மலர்தானே? நான் வசந்தி. தர்சிகா உயிரோட இருக்கிறாள். நாங்கள் கிள்ளானுக்கு வந்து கன வருசம். ஏலுமெண்டா வாங்கோ, நேரில கதைப்பம்." அந்தக் குரலில் இருந்தது கோபமா அன்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

11.50. கிள்ளான். நிலைய வாசலில் உயரமான ஓர் இளம்பெண்.

"மலர் ஆன்டியா? நான் தர்சிகா. வெயில் பயங்கரமா இருக்கு, வாங்க."

பேச்சு முழுக்கக் கிள்ளான் பேச்சு. முகத்தில் மட்டும் தாயின் சாயல். தெங்கு கிளானா சாலையில் பூமாலைக் கடைகளையும் சேலைக் கடைகளையும் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தோம். தான் ரவிக்கை தைக்கும் கடையைக் காட்டினாள். அதற்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு.

வசந்தி அக்கா கதவருகே நின்றார். தலை நரைத்திருந்தது, நெற்றியில் குங்குமம். நான் உட்காரவில்லை.

"அக்கா, நான் பிள்ளையைத் தேடேல்லை. ரெண்டு தரம் கூப்பிட்டன். பிறகு ஓடிட்டன்."

வசந்தி அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல் ஏழு மாசமும் உம்மைத் திட்டாத நாள் இல்லை" என்றார் அவர். "முகாம் முகாமாத் தேடித்தான் இவளை எடுத்தன். ஆரோ ஒரு குடும்பம் தங்கட பிள்ளையெண்டு பதிஞ்சு காப்பாத்தி வைச்சிருந்தது. ஆனா அண்டைக்கு நான் படகில ஏறாட்டி மகன் இல்லை. இப்ப எனக்கு ரெண்டு பிள்ளையளும் இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டனான்."

"ஆன்டி, கைய விட்டது நான்தான்" என்றாள் தர்சிகா. "முன்னால போன ஒருத்தங்க அம்மா மாதிரியே சட்டை போட்டிருந்தாங்க. அவங்க பின்னால போயிட்டேன். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

அதன்பிறகுதான் உட்கார்ந்தேன். அழுதேன். வசந்தி அக்கா தடுக்கவில்லை; சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, என் பக்கம் தள்ளி வைத்தார்.

சாப்பிடும்போது மகன் வந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை. இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்கதான் பேர் எழுதினவங்களா? என் பேர் நிலக்சன், ஆன்டி. நீங்க திலக்சன்னு எழுதிட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் எல்லாப் பேப்பர்லயும் திலக்சன்தான்!"

நாங்கள் நால்வரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

குங்குமத்தை நான் பார்ப்பதை வசந்தி அக்கா கவனித்துவிட்டார். "அவர் இல்லையெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நான் ஏன் அழிக்கோணும்?" என்றார்.

4.05. திரும்பும் ரயில். சாளரத்தோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் போரில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்தபடி வீதியோரக் கொட்டகையில் இருக்கும் தாய்மாரை நினைத்தேன். இத்தனை வருடமும் அவர்களைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போயிருக்கிறேன். போனதும் அவர்களோடு சற்று நேரம் உட்கார வேண்டும் என்று தோன்றியது. ஷா ஆலம் தாண்டியது நினைவிருக்கிறது.

ஒரு மலாய்ப் பெண் தோளைத் தட்டியபோது வெளியே வேறு ஊர். பெயர்ப்பலகையில் ரவாங். கேஎல் சென்ட்ரலைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் வந்திருந்தேன். இறங்கி, மேடை இருக்கையில் இருந்து வசந்தி அக்காவை அழைத்தேன்.

"அக்கா, ரவாங்கில நிக்கிறன். நித்திரையாப் போனன்."

மறுமுனையில் அவர் சிரித்தார். பின்னால் பிள்ளைகள் இருவரும் சிரிப்பதும் கேட்டது. "பரவாயில்லை, ஆறுதலாப் போம்" என்றார். "அடுத்த ரயில் வரும்தானே."