ஊருக்குள் நுழையாத குதிரை

ஸிலா அந்துனெஸுக்கு அந்த மரியாதை ஐம்பத்து நாலு வயதில்தான் கிடைத்தது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் குதிரைக்காரர்கள் ஒன்று சேர்ந்து, கூண்டு விளக்கில் விழாச் சுடரை ஏந்தி, நாலு நாள் சவாரி செய்து சான்ட்டா தார்சிலா நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சுடர் வந்த பிறகுதான் நகரத்தில் கவுச்சோ வாரம், அதாவது குதிரையேறி மாடு மேய்ப்பவர்களின் திருவிழா, தொடங்கும். இருபதாம் தேதி குதிரை ஊர்வலத்தோடு முடியும். அத்தனை வருஷமும் விளக்கோடு முதலில் நகரத்துக்குள் நுழைந்தது ஆண்பிள்ளைதான். இந்த வருஷம் கூட்டத்தின் தலைவர் ஓதாசிர் மீசையைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை விளக்கு ஸிலா கையில."

"பாவாடை கட்டிக்கிட்டா, கால்சட்டையோடயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜாந்திர் என்கிறவன். நல்ல ஆண் குதிரை ஒன்று வைத்திருந்தான். அதைவிடப் பெரிய வாய் வைத்திருந்தான்.

"கால்சட்டையோடதான். என் பாவாடை பெட்டியில சும்மா கெடக்கு. வேணும்னா நீ கட்டிக்கிட்டு வா" என்றாள் ஸிலா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜாந்திரும் சிரித்தான்.

அவள் புருஷன் இருபது வருஷத்துக்கு முன்னால் அரிசி ஆலை வேலைக்கென்று கடலோரம் போனவன், அப்படியே போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. பண்ணை பண்ணையாகப் போய் மாடு ஓட்டுவதும் வேலி பார்ப்பதும்தான் அவள் பிழைப்பு. சொந்தக் குதிரையோடு வருகிறவர்களுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். அவளிடம் கரோவா இருந்தது. கரோவா என்றால் தூறல். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்தாற்போல நிறம். தாய்க் குதிரை பாம்பு கடித்துச் செத்தபோது கரோவா பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. "பிழைச்சா நீயே வச்சுக்க" என்று பண்ணைக்காரர் கைகழுவிவிட்டார். ஸிலா புட்டியில் பசும்பால் ஊட்டி, அடுப்பங்கரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்துப் பிழைக்க வைத்தாள். ஒன்பது வருஷமாக அவள் மடக்கிய மாடுகளையெல்லாம் அதன் மேலிருந்துதான் மடக்கினாள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லாக் குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்துப் போனார்கள். மோர்மோ என்ற நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. வெளியே ஒன்றும் தெரியாமலே நுரையீரலைத் தின்றுகொண்டிருக்கும் நோய் அது. பிறகு மூக்கெல்லாம் புண்ணாகும். குதிரையிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனுஷனுக்கும் ஒட்டும். வந்த குதிரைக்கு வைத்தியம் கிடையாது. சட்டப்படி கொன்றுவிட வேண்டியதுதான். புறப்படுகிற அன்றுவரை சோதனை முடிவுச் சீட்டு வரவில்லை.

"வருஷா வருஷம் எடுக்கறாங்க, வருஷா வருஷம் ஒண்ணுமில்லன்னுதான் வருது. வழியில வந்துடும், கிளம்புங்க" என்றார் ஓதாசிர்.

நாலாம் நாள் மத்தியானம் நகரத்துப் பாலம் தெரிந்தது. அந்தக் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு நின்றார்கள். வாத்தியக்காரர்கள் நின்றார்கள். ஸிலாவின் தங்கை நொயெலி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். ஸிலா முதுகை நிமிர்த்தினாள். சுடர் அணையாமல் விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பாலத்து நடுவில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. அதிலிருந்து கால்நடை டாக்டர் மிரேலா இறங்கி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு காகிதம். ஓதாசிரைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு ஸிலாவிடம் நடந்து வந்தார். குதிரையைத் தொடாமல் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"ஸிலா, இறங்கு."

"என்ன தலைவரே?"

"இறங்கும்மா. உன் குதிரைக்கு வந்திருக்காம்."

அவள் இறங்கவில்லை. காது கேட்டது, புத்தி வாங்கிக்கொள்ளவில்லை. "எந்தக் குதிரைக்கு?" என்று கேட்டாள். அக்கரையில் நிலைமை தெரியாமல் வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று ஒரு குதிரையும் நகரத்துக்குள் போகவில்லை. கூட வந்த நாற்பத்தொரு குதிரைகளையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சந்தைத் திடலில் அடைத்தார்கள். சுடர் விளக்கை ஓதாசிர் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்த்தார். கரோவாவை மட்டும் தனியாக, ரயில் ஓடாத பழைய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த கம்பளிக் கிடங்கில் கட்டினார்கள். சுற்றிச் சிவப்பு நாடா. வாசலில் நகராட்சிக் காவல்காரர் வால்தோயிர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"முதல் சோதனை சில நேரம் தப்பாவும் காட்டும், தோனா ஸிலா. ரெண்டாவது சோதனைக்கு அனுப்பறேன். அதுதான் முடிவு. பத்து நாள் ஆகும்" என்றாள் மிரேலா. வயதில் மூத்த பெண்களைத் 'தோனா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஸிலாவின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டாள். கையுறையும் முகமூடியும் கொடுத்தாள். "இதைப் போடாம கிட்டப் போகாதீங்க. இந்த வாளியை வேற யாருக்கும் கொடுக்காதீங்க."

"அது ஓடியாடி நிக்குது டாக்டரம்மா. சளி கூட இல்ல. புல்லை அப்படியே வெட்டித் தின்னுது."

"தப்பா இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கறேன்" என்றாள் மிரேலா.

முதல் சாயங்காலம் ஸிலா திடல் ஓரத்துக் கூடாரத்துக்குப் போனாள். நெருப்பைச் சுற்றி அவளுடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷிமராவ் என்ற கசப்புத் தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. ஒரே குடுவை, ஒரே குழல். ஒருவர் உறிஞ்சி முடித்ததும் வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு. முப்பது வருஷமாக அந்த வட்டத்தில் அவளுக்கு இடம் உண்டு. குடுவை அவள் பக்கத்து ஆள்வரை வந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆளுக்கு நீட்டினான். அந்த ஆள் வாங்கிக்கொண்டார்.

ஸிலா எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நெருப்புப் பக்கம் போகவில்லை. "வீட்டுக்கு வாக்கா, என் கட்டில்ல படு" என்று நொயெலி வந்து கெஞ்சினாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். "எனக்கு என்ன ஒட்டியிருக்கோ, போடி" என்று துரத்திவிட்டாள் ஸிலா. கிடங்கு வாசலில் கித்தான் கட்டி அதற்கடியில் படுத்தாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தெற்கத்திக் காற்று எலும்புவரை போயிற்று. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் முதல் வேலையாகக் கரோவாவின் மூக்கைப் பார்ப்பாள். சுத்தமாக இருக்கும். அப்புறம் தன் இருமலை எண்ணிக்கொண்டிருப்பாள்.

இருபதாம் தேதி குதிரைகள் இல்லாமலே ஊர்வலம் நடந்தது. குதிமுள் மாட்டிய பூட்சோடு ஆண்கள் தார் ரோட்டில் நடந்து போனார்கள். கடிவாளம் பிடித்துப் பழகிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். பார்க்க வந்த கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஜாந்திர் குடித்துவிட்டுக் கிடங்கு வாசலுக்கு வந்தான்.

"என் குதிரைக்கு வந்திருந்தா உன்னைச் சும்மா விட மாட்டேன். சாகற குதிரை அங்கயே செத்துத் தொலையக் கூடாதா? ஊருக்கே கொண்டாந்து கொடுத்தியேடி!"

நாலு நாள் வழியெல்லாம் அவன் குதிரையும் கரோவாவும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தன. அது ஸிலாவுக்கும் தெரியும். வால்தோயிர்தான் எழுந்து அவனைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார்.

மறுநாள் மத்தியானம் வால்தோயிர் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸிலா சேணத்தை எடுத்துப் பூட்டினாள்.

தெற்கே இரண்டு மணி நேரம் போனால் ஆற்றுத்துறை. அதைத் தாண்டினால் வேறு நாடு. அங்கே ஒரு கிழட்டு மேய்ச்சல்காரனை அவளுக்குத் தெரியும். சீட்டு எதுவும் கேட்க மாட்டான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை, யோசிக்கவும் பயமாக இருந்தது. ஒன்பது நாளாகக் கட்டிக் கிடந்த கரோவா கயிறு அவிழ்ந்ததும் பறந்தது. புல்வெளியில் ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு எழும்பின. ஸிலா முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பிடரி மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆற்றுத்துறைக்குச் சற்று முன்னால் நாலைந்து குடிசைகள். கம்பி வேலி ஒரு இடத்தில் அறுந்து கிடந்தது. அந்தச் சந்து வழியாக ஒரு குதிரைக்குட்டி வெளியே வந்தது. இரண்டு மாதம் இருக்கும். பெரிய குதிரையைக் கண்டதும் நேரே வந்து மூக்கை நீட்டியது. கரோவாவும் ஆசையாகத் தலையைத் தாழ்த்தியது.

ஸிலா கடிவாளத்தை இழுத்த இழுப்பில் கரோவா பின்னங்காலில் எழுந்தது. வாய் கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு நாள்கூட அவள் அந்தக் குதிரையை அப்படி இழுத்ததில்லை.

குடிசை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வாளியோடு ஓடி வந்தாள். "என்னாச்சு தாயி? மிரண்டுச்சா? இந்தா, தண்ணி காட்டட்டுமா?"

"கிட்ட வராதீங்க!" ஸிலா அலறினாள். "குட்டியைப் பிடிச்சு உள்ள கட்டுங்க. வேலியைக் கட்டுங்க. வாளியைக் கொண்டு போங்க, போங்க!"

அந்தப் பெண் பயந்துபோய்க் குட்டியைக் கழுத்தோடு அணைத்து இழுத்துக்கொண்டு போனாள். வேலிக்கு உள்ளே இன்னும் மூன்று குதிரைகள் நின்றிருந்தன. அந்தக் குடிசைகளுக்கு அவைதான் எல்லாம் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆறு முந்நூறு அடி தூரத்தில் வெயிலில் மின்னியது. அக்கரையிலும் குதிரைகள் மேய்ந்தன.

ஸிலா ரோட்டு நடுவில் குதிரையை நிறுத்தி அவற்றையே பார்த்தாள். பிறகு திருப்பினாள். வந்த வேகத்தில் கால்பங்குகூட இல்லாமல், நடையாகவே திரும்பினாள்.

வால்தோயிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எங்க போன?"

"வந்துட்டேன்ல."

"நான் சாப்பிடப் போயிருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ஸிலாவே மிரேலாவுக்குப் போன் பண்ணினாள். "ஆத்துத்துறைக்கிட்ட குடிசைல ஒரு குட்டி இருக்கு டாக்டரம்மா. மூக்கு படல. ஒரு முழம் இடைவெளி இருந்துச்சு. ஆனாலும் பாத்துடுங்க. என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க." "நான் போய்ப் பார்க்கறேன்" என்று மட்டும் மிரேலா சொன்னாள்.

இருபத்து நாலாம் தேதி காலையில் கிடங்குக்குப் பின்னால் மண் தோண்டுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது. குழாய் பதிக்கிறார்கள் என்று ஸிலா நினைத்துக்கொண்டாள். சத்தம் நின்ற பிறகுதான் மிரேலா வந்தாள். கூட இரண்டு ஆட்கள், வெள்ளை உடுப்பில்.

"தோனா ஸிலா..."

"சொல்லாதீங்க. நீங்க நடந்து வர்றதுலயே தெரியுது." ஆனால் வாய் நிற்கவில்லை. "இன்னொரு தடவை எடுங்க. மூணாவது தடவை. அதுலயும் இருந்தா நானே கூட்டிட்டு வர்றேன்."

"இதோட முடிஞ்சுது. மூணாவது கிடையாதும்மா."

"அப்ப மலை மேல எங்கயாவது கொண்டுபோய் வச்சுக்கறேன். மனுஷ வாடையே இல்லாத இடத்துல. நானும் கீழ இறங்கல. எழுதி வாங்கிக்கோங்க, கைநாட்டு வச்சுத் தர்றேன்." அவள் மிரேலாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளை உடுப்பு ஆட்களில் ஒருவன் விலக்க வந்தான். மிரேலா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அது வலியில சாகறதை நீங்க பார்க்க வேண்டாம்னுதான் சொல்றேன். இப்ப தூங்கிடும். அவ்வளவுதான்."

ஸிலா பிடியை விட்டாள். தலைக்கயிற்றைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். கையுறை போட்டுக்கொண்டாள். கரோவா அவளைப் பின்தொடர்ந்து, குழிப் பக்கம் ஒரு தயக்கமும் இல்லாமல் வந்தது. அவள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அப்படித்தான் வரும். முதல் ஊசியில் தலை கனத்துத் தொங்கியது. ஸிலா அதைத் தோளில் தாங்கினாள். இரண்டாவது ஊசியில் முன்னங்கால்கள் மடிந்தன. அந்தப் பாரத்தில் அவளும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தலையை மடியிலிருந்து எடுக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

சேணம், விரிப்பு, கடிவாளம், வாளி, கித்தான் எல்லாவற்றையும் குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்றார்கள். தோலில் கிருமி தங்குமாம். எதற்கும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை. குடிசைக் குட்டிக்கும் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு குதிரைகளும் சுத்தம். அதைச் சொல்வதற்காக ஓதாசிர் பஸ் நிலையத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் தப்பிச்சுது, ஸிலா. ஜாந்திர் குதிரைகூட."

"நல்லதாப் போச்சு."

"சீட்டு வராம கிளம்பச் சொன்னது நான். தப்பு என் மேலதான். அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷத்தை என்கிட்டச் சொல்லாதீங்க, தலைவரே." அவர் நீட்டிய கையை அவள் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு ஒரு பெண் ஏறுவதைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தான்.

பண்ணை மேஸ்திரி அவளை விரட்டவில்லை. "குதிரை இல்லாம மாட்டுக்கு எப்படி அனுப்பறது, நீயே சொல்லு. கம்பளி கத்திரிக்க ஆள் வர்றாங்க. சமையலுக்கு நில்லு" என்றார். மார்ச்வரை நீண்ட அந்தக் கோடை முழுக்க முப்பது பேருக்குப் பொங்கிப் போட்டாள். அவளுக்குச் சமையல் வராது. சோறு அடிப்பிடித்தது, ஆட்கள் முணுமுணுத்தார்கள். விடியற்காலையில் வெளியே சேணம் பூட்டுகிற சத்தம் கேட்டால் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

ஏப்ரலில் ஒரு நாள் ஆள் குறைந்தது. மேஸ்திரி ஒரு செங்குதிரையின் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினார். கிழடு, வாய் மரத்துப்போனது, இடது பக்கமே திரும்பாது. ஸிலா முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் வாங்கினாள். ஏறும்போது அங்கவடியில் கால் தவறியது, மறுபடி வைத்து ஏறினாள். மேஸ்திரி பார்க்காததுபோல் இருந்தார். அன்று சாயங்காலம்வரை மாடு ஓட்டினாள். அந்தக் குதிரையின் பெயரை அவள் கேட்கவில்லை. மறுநாள் மறுபடி கூப்பிட்டார்கள். மறுநாளும் போனாள்.