கிளாரா கம்பம் ஏறிய கதை

தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால், குடிசைகளை இடித்துக் கட்டிய எஸ்.ஆர்.ஏ. கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் கிளாராவின் வீடு. சயானில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கணவர் டென்சில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மகள் ஷெர்லின் நர்ஸிங் படிக்க வேலூருக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அவர்களும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் கிளாராவுக்கென்று தனியாக ஓர் ஆசை இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ரவிக்கை தைக்கக் கொடுக்க செம்பூருக்குப் போனாள். ஃபர்ஸானாவின் தையல் கடை அங்கே ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. இருவரும் தாராவித் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஃபர்ஸானா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது மேலே தொம்மென்று ஏதோ விழுந்தது. அடுத்த நொடியே பெண்கள் பலர் சேர்ந்து கைதட்டும் சத்தம்.

"மேல என்னளா நடக்கு?"

"போல் டான்ஸ் கிளாஸு. கம்பத்தப் புடிச்சு ஏறுவாளுவ, சுத்துவாளுவ, தலைகீழாத் தொங்குவாளுவ. பொம்பளைங்க மட்டுந்தான்." ஃபர்ஸானா ஊசியை எடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "நானும் போறேன்லா."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லியா? வா, காட்டுதேன்."

மாடியில் நீளமான கூடம். தரையிலிருந்து கூரை வரைக்கும் பளபளவென்று நான்கு எஃகுக் கம்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தடிமனான மெத்தை. ஒரு கம்பத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கிளாராவைவிட மூத்தவள், கால்களால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு கைகளை விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்கினாள். தொங்கியபடியே கிளாராவைப் பார்த்துச் சிரித்து, "ஆயியே, ஆயியே" என்று வரவேற்றாள். தலைகீழாக இருந்த அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை கிளாரா அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் மீன் கழுவும்போதும் அதே நினைப்புதான். அடுத்த சனிக்கிழமை அவள் செம்பூர் போனது ரவிக்கை வாங்குவதற்கில்லை.

சொல்லிக்கொடுத்தவள் பெயர் ஷிவானி. முப்பதுகூட ஆகாத பெண், குரல் மட்டும் தலைமையாசிரியை மாதிரி. கிளாரா சல்வாரோடு கம்பத்தைப் பிடித்து ஏறப் பார்த்தாள். உறியிலிருந்து நழுவிய துணிமூட்டை மாதிரி வழுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஏறினாலும் கைதட்டுவது, விழுந்தாலும் கைதட்டுவது அந்தக் கூடத்தின் வழக்கம். ஷிவானி விளக்கினாள்: துணி வழுக்கும், தோல்தான் கம்பத்தைப் பிடிக்கும். தொடையும் முழங்கால் மடிப்பும் நேராகக் கம்பத்தில் பட வேண்டும். அதற்கு ஷார்ட்ஸ் போட்டாக வேண்டும்.

கிளாரா ஃபர்ஸானாவின் கால்களைப் பார்த்தாள். அவள் கணுக்கால் வரை கறுப்பு லெகிங்ஸ் போட்டிருந்தாள். "இது தனி," என்றாள் ஃபர்ஸானா. "துணி மேல ரப்பர் மாதிரி பசையா அச்சடிச்சிருக்கான் பாரு. இதுவும் புடிக்கும். ஆனா உள்ள வெந்து போவும். நீ ஷார்ட்ஸே போட்டுக்க, நான் தச்சுத் தாரேன்."

அவளே தைத்துத் தந்தாள், இடுப்பில் அகலமான பட்டி வைத்து. கிளாரா அதைப் போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வர நேரம் எடுத்தது. கெண்டைக்காலில் புடைத்த நரம்பு, தொடையில் பிள்ளைப்பேற்றுக் கோடுகள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. வெளியே வந்து பார்த்தால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவரவர் தங்கள் காலில் புதிதாக வந்த நீலக் கன்றலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் மெல்லப் புரிந்தன. வகுப்பு உள்ள அன்று உடம்பில் எண்ணெயோ கிரீமோ தடவக்கூடாது. ஆள் மாறும்போதெல்லாம் கம்பத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளங்கை வேர்த்தால் வெள்ளைத் திரவம் ஒன்றைத் தேய்த்துக் காயவிட வேண்டும். காய்ந்ததும் கை சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். கம்பத்தின் அடியில் சின்னச் சாவி போட்டுத் திருகினால், அசையாமல் நிற்கிற கம்பம் தானாகச் சுழல ஆரம்பிக்கும். சுழலும் கம்பத்தில் முதல் தடவை ஏறியவுடன் கிளாராவுக்குக் குமட்டியது. இறங்கி மெத்தையில் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் எலுமிச்சை மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுவிட்டாள். ஜூலை மழையில் காற்றே ஈரமாகி, கம்பம் விலாங்கு மாதிரி நழுவும். அன்றைக்கெல்லாம் ஏறுவதைவிட அரட்டைதான் அதிகம்.

மழை முடிவதற்குள் கிளாரா கம்பத்தின் உச்சிக்கு ஏறிவிட்டாள். கூரையைக் கையால் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தபோது, இத்தனை வருஷமாக நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வலித்துக்கொண்டிருந்த தோள் இதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தலைகீழாகப் போவதுதான் முடியவில்லை. கால்களைத் தூக்குவாள், இடுப்பு உயரும், அந்த இடத்தில் மனசு 'வேண்டாம்' என்று சொல்லிவிடும்.

டென்சிலிடம் 'எக்ஸர்சைஸ் கிளாஸ்' என்று மட்டும் சொல்லியிருந்தாள். 'போல் டான்ஸ்' என்று சொல்லத்தான் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். அதைக் கேட்டால் ஜனங்களுக்கு எந்த மாதிரி மதுக்கூடங்கள் ஞாபகம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

சொல்லாமல் விட்டதைக் கன்றல்கள் சொல்லிவிட்டன. தொடையிலும் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் நீலமாக வந்து, பச்சையாகி, மஞ்சளாக மறையும். ஒன்று மறைவதற்குள் இன்னொன்று வரும். டென்சில் கேட்டபோது எக்ஸ்ரே மேசையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அவர் நம்பினார். எதிர்வீட்டு ஏஞ்சலம்மாள் நம்பவில்லை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுவுக்கு ஏஞ்சலம்மாள்தான் பொறுப்பு. ஜெபம் நடத்துவது முதல் சண்டை தீர்ப்பது வரை எல்லாம் அவள் தலையில். லிஃப்ட்டில் கிளாராவின் கையைப் பார்த்துக் கேட்டாள். "மேசை இடிச்சிட்டுக்கா" என்று பதில் வந்தது. பிறகு மாதா கோயில் படியில் புடவை லேசாக உயர்ந்தபோது காலைப் பார்த்துக் கேட்டாள். அப்போதும் மேசைதான். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ பெண்களின் வாயிலிருந்து மேசை, கதவு, குளியலறை வழுக்கல் என்றெல்லாம் கேட்டுப் பழகியவள் ஏஞ்சலம்மாள். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, டென்சில் லுங்கியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏஞ்சலம்மாளும் அவள் கணவர் ஜோசப்ராஜும் வந்தார்கள். ஜோசப்ராஜ் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கடினமான விஷயம் எதையும் இருமாமல் தொடங்கமாட்டார். இரண்டு தடவை இருமினார்.

"தம்பி டென்சிலு, பட்டறையில ஆர்டர் கீர்டர் கொறஞ்சு போச்சோ?"

"இல்லியே அண்ணாச்சி. நல்லாத்தான் போவுது."

"குடிக்கிற பழக்கம்..."

"எனக்கா?" டென்சில் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

ஏஞ்சலம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "சுத்தி வளைக்காதிய. ஏய் டென்சிலு, பொண்டாட்டி மேல கைய வைக்கது எந்த ஊரு பழக்கம்? புள்ள ஒடம்பெல்லாம் கன்னிப் போய்க் கெடக்கு. எங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

டென்சிலுக்கு வாய் திறந்தபடி நின்றது. பட்டறையில் எலி ஓடினால்கூட அடிக்காமல் கதவைத் திறந்துவிடுகிற மனிதர். "மதினி... நானா? கிளாரா, நானா?" என்றார். வெங்காயம் உரித்த கண்ணில் நீர் வழிய, பார்ப்பதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுகிறவர் போலவே இருந்தார். ஜோசப்ராஜ் எழுந்து அவர் தோளைத் தட்டி, "அழாதிய தம்பி, திருந்திக்கிடலாம்" என்றார்.

சமையலறை வாசலில் நின்ற கிளாராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் டென்சிலின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவிய அடிக்கலக்கா. ஒரு நாளும் அடிச்சதில்ல," என்றாள். "நான் போல் டான்ஸ் படிக்கேன். கம்பத்துல அழுந்தி அழுந்தி வர்ற கன்னிப்புதான் இது."

கிளாரா ஃபோனை எடுத்து, ஃபர்ஸானா பிடித்த வீடியோவைக் காட்டினாள். சின்னத் திரையில் கிளாரா ஷார்ட்ஸ் அணிந்து கம்பத்தில் ஏறினாள், உச்சியில் ஒரு கையை விட்டுக் கூரையைத் தொட்டாள், சுழன்றபடி இறங்கினாள். ஜோசப்ராஜ் பாதியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏஞ்சலம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும், "இன்னொரு மட்டம் போடு" என்றாள். அதையும் பார்த்துவிட்டு, "இதுல பிடிமானம் எங்கட்டி இருக்கு? எப்பிடி விழாம நிக்க?" என்று கேட்டாள்.

"தொடையிலதாங்க்கா."

"ஒனக்கு எதுக்கு இது?"

கிளாரா யோசித்தாள். "நல்லாருக்குக்கா. அவ்ளோதான்."

அவர்கள் போன பிறகு டென்சில் மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு சொன்னார்: "டான்ஸ் ஆடுனதுக்கு எனக்கொண்ணுமில்ல. மேசைன்னு சொன்னியே, அதான். என்ட்ட சொல்லிருக்கலாம்லா."

"பயமாருந்துச்சுங்க."

"என்னப் பாத்தா?"

அவரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். அந்த வாரம் முழுக்க இருவருக்கும் நடுவில் ஒரு சங்கடம் இருந்தது. டிபன் கட்டினார்கள், வேலைக்குப் போனார்கள், டி.வி. பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை டென்சில், "நாளைக்கு நானும் வரவா?" என்று கேட்டார்.

ஆண்களை உள்ளே விடும் வழக்கம் அந்த வகுப்பில் இல்லை. ஷிவானி எல்லோரையும் ஒவ்வொருவராகக் கேட்டாள். வங்கிக்காரப் பெண் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கடைசிப் பத்து நிமிஷம் வரட்டும் என்றாள். ஃபர்ஸானா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீழே கடைக்குப் போய், அதுவரை அங்கே உட்கார்ந்திருந்தவரை மேலே அனுப்பினாள். டென்சில் செருப்பை வெளியே விட்டு, பூசைக்கு வந்தவர் போலக் கைகட்டி ஓரமாக உட்கார்ந்தார். கிளாரா தலைகீழாகப் போகப் பார்த்தாள். வழக்கம்போலப் பாதியில் மனசு 'வேண்டாம்' என்றது. நழுவி மெத்தையில் விழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். டென்சில் பதறி எழுந்து நின்றார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கால் மேல வந்ததும் எதுக்கு நிறுத்திட்ட?" என்றார்.

"கை விட்ருமோன்னு பயம்."

"கை விடல. நான் பாத்துட்டேதான் இருந்தேன். கால்தான் முந்தி எறங்கிச்சு."

டிசம்பரில் அந்தக் கூடத்தில் ஒரு சின்னக் கொண்டாட்டம் வைத்தார்கள். குடும்பத்தினரை அழைத்து, ஒவ்வொருவரும் தெரிந்ததைச் செய்து காட்டுவது. ஷெர்லின் லீவில் வந்திருந்தாள். ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். ஏஞ்சலம்மாள் பட்டுப்புடவை கட்டி, கையில் ஜெபமாலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோசப்ராஜ் வரவில்லை, இருமல் என்று சொல்லியனுப்பினார், அதை யாரும் மறுக்க முடியாது.

ஃபர்ஸானா, பெண்கள் மட்டும் இருந்த முதல் பாதியில் ஆடி முடித்துவிட்டாள். பிறகு டென்சிலும் மற்ற ஆண்களும் உள்ளே வந்து உட்கார, கிளாரா வந்தாள். கம்பத்தைத் துடைத்தாள். ஏறினாள். பிடியை மாற்றிக்கொண்டு கால்களைத் தூக்கினாள். இடுப்பு உயர்ந்தது. மனசு ஏதோ சொல்வதற்குள் முழங்கால் மடிப்பு கம்பத்தைக் கவ்விக்கொண்டது. கூடமே தலைகீழாகப் புரண்டது: நாற்காலிகள் மேலே, விளக்குகள் கீழே, மகளின் பின்னல் வானத்தைப் பார்த்து நின்றது. மெல்ல ஒரு கையை விட்டாள். அப்புறம் அடுத்ததையும்.

"மாதாவே!" என்று ஏஞ்சலம்மாள் கத்தியது கீழே கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

கிளாராவுக்குத் தலைக்குள் ரத்தம் இறங்கி முகம் கதகதத்தது. பயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இறங்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஷிவானிதான் முதுகில் கைவைத்து மெல்ல இறக்கிவிட்டாள்.

எல்லாம் முடிந்து பெண்கள் சமோசா தின்றுகொண்டிருக்கையில், ஏஞ்சலம்மாள் எழுந்து சுழலும் கம்பத்தின் அருகே போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜெபமாலையை ஷெர்லினிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து, புடவைக் கொசுவத்தைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, ஒரு எட்டு உந்தினாள். கம்பம் அவளை அரை வட்டம் சுற்றிக் கொண்டுபோய் அந்தப்பக்கம் இறக்கியது. கூடம் அதிர எல்லோரும் கைதட்டினார்கள்.

"போதும் போதும், சிரிக்காதீங்கட்டி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை உந்தினாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் ஏஞ்சலம்மாளையும் சேர்த்து நால்வரும் இட்லி சாப்பிட்டார்கள். கிளாராவுக்கு அப்படி ஒரு பசி. தன் தட்டை முடித்துவிட்டு, டென்சிலின் தட்டில் இருந்த வடையையும் எடுத்துக்கொண்டாள். அவர் சாம்பாரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு வடைக்குக் கைகாட்டினார்.