கோழி சாட்சி சொன்ன நாடகம்

சிரித்த குற்றத்துக்காக ஒரு மனிதரை, சனத்தை இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று பலர் முன்னிலையில் சொன்னேன். அந்தச் சொல்லை நேரே பாவிக்கவில்லை. படித்தவன் அல்லவா, கேட்பவர்களுக்கு விளங்கும்படி, பிறகு யாரும் என்னைப் பிடிக்க முடியாதபடி, சுற்றிவளைத்துச் சொன்னேன். அதனால் அவர் படுக்கும் இடத்தையும் வேலையையும் இழந்தார். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஒரு சலூனில் இது நடந்தது.

அந்தச் சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தலைமயிர் வெட்டத் தேவையில்லாதவர்களும் வருவார்கள். நாடகம் கேட்க வருவார்கள். கடைக்காரரின் தகப்பனார் ஊரில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த பழைய நகைச்சுவை நாடகங்கள் கடைக்காரரிடம் இருந்தன. யாரோ அவற்றைக் குறுந்தட்டுகளாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சில இடங்களில் நாடகத்தோடு சேர்ந்து அவர்கள் வீட்டு நாய் குரைப்பதும் பதிவாகியிருந்தது. அந்த நாய் எப்போது குரைக்கும் என்பதுகூட முறைக்காகக் காத்திருக்கும் நீள வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் அதிகம் கேட்டது கோழி நாடகம். அயல் வீட்டுக்காரர் இருவர் ஒரே கோழிக்கு உரிமை கொண்டாடி, ஊர் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரியான விதானையாரிடம் போகிறார்கள். அவர் கோழியையே சாட்சிக்கு அழைக்கிறார். கோழியாக நடித்தவரும் ஒரு மனிதர்தான், குரலிலேயே தெரியும். "உன்ரை வீடு எது? உண்மையைச் சொல்லு," என்கிறார் விதானையார். கோழி பேசாமல் நிற்கிறது. ஒலிபெருக்கியில் ஒன்றும் வராது. பிறகு ஒரேயொரு கொக். "விளங்கேல்லை, உரத்துச் சொல்லு," என்பார் விதானையார்.

எழுதிப் பார்த்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நானும் இளமையில் அப்படித்தான் நினைத்தேன். கொழும்பில் அரசாங்க வேலையில் இருந்தபோது, தங்கியிருந்த வீட்டில் எல்லோரும் வானொலியைச் சுற்றி இருந்து சிரிக்க, நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கில நாவல் படித்தேன். பாரிஸ் வந்து தலை நரைத்த பிறகுதான் அந்த நாடகங்களின் திறமை எனக்குப் புரிந்தது. அவற்றில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பதில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் நடிகர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள். தாங்கள் காணாத வீடுகளில் இருப்பவர்கள் சிரித்து முடியட்டும் என்று விட்ட இடம் அது. நடிகர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. யார் போய் இருந்து சிரித்தாலும் கொள்ளும். கேலியும் ஒருவரையும் புண்படுத்தாத கேலி. கோழியும், குடையும், வந்தால் எழுந்து போகாத விருந்தாளியும்தான் அதன் விஷயங்கள்.

வன்னியில் போர் பெருஞ்சாவோடு முடிந்த 2009 வைகாசியோடு கடைக்காரர் நாடகங்களை நிறுத்தியிருந்தார். அந்த மாதத்துக்குப் பிறகு லா சப்பலில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால், ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் கொண்டாட்டம் இல்லை. நான் அந்த வழக்கத்தைத் தெரு முழுவதற்கும் நீட்டினேன். சேலைக்கடையில் சினிமாப் பாட்டுப் போட்டால் உள்ளே போய் நிறுத்தச் சொன்னேன். ஒரு நண்பரின் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததோடு, ஏன் போகவில்லை என்று ஊருக்கும் சொன்னேன். வயதுக்கும் படிப்புக்கும் மதிப்புக் கொடுத்து எல்லோரும் கேட்டார்கள்.

உண்மையில் அங்கே செத்தவர்களில் என் வீட்டார் ஒருவரும் இல்லை. நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே வந்து, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். உடன்பிறந்தவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். இழந்தவர்கள் அழுத நேரத்தில் எனக்கு இருந்தது, ஒன்றும் இழக்காத வெட்கம். அதைத் துக்கமாகக் காட்டிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கண்டிப்புத் தேவைப்பட்டது.

தை மாதம் கழிந்து கடைக்காரர் மெல்லிய சத்தத்தில் நாடகங்களைத் திரும்பப் போடத் தொடங்கினார். "சனம் கேக்குது ஐயா, எவ்வளவு காலத்துக்குத்தான் செய்தியையே கேக்கிறது?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

அன்று வாங்கின் ஓரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். கோழி நாடகம் ஓடியது. விதானையார் கேள்வி கேட்டார், கோழி மௌனமானது. அந்த மௌனத்திலேயே, கொக் வருவதற்கு முன்பே, அந்த மனிதர் வெடித்துச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தனியாகச் சிரித்தார். எனக்கும் தொண்டைவரை சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரிகிறது.

"என்ன தம்பி, பகிடி நல்லாயிருக்கோ?" என்றேன்.

"ஓம் ஐயா." கண்ணைத் துடைத்தார். "இனித்தான் பாருங்கோ, ரெண்டு பேருக்கும் ஓமெண்டு சொல்லும்."

"எப்ப வந்தனீர்?"

"மார்கழியிலை."

"எங்கையிருந்து?"

"வன்னி ஐயா. முகாமிலை இருந்து வெளிக்கிட்டனான்."

"முகாமிலை இருந்து வாற ஆளுக்கு இப்பிடிச் சிரிப்பு வருகுதெண்டால், அங்கை ஆரோடை நிண்டவர் எண்டு நாங்கள்தான் யோசிக்க வேணும்," என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. வாங்கில் இருந்த மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்.

கடைக்காரர் நாடகத்தை நிறுத்தினார். "ஐயா, அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார். என் பக்கத்தில் இருந்த ஒருவர், "ஐயா தெரியாமல் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றார். அந்த மனிதர் எழுந்து மேற்சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை அவருடையது.

வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "சிரிச்சவர் சிரிச்சிட்டுப் போகட்டுமேன். உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பங்குனியில் ஒரு நாள் மரக்கறிக் கடை வாசலில் சலூன்காரர் என்னை மறித்தார். எப்போதும் சிரித்த முகம். அன்று அது இல்லை.

"ஐயா, அந்த அண்ணையை ஞாபகம் இருக்கோ? நீங்கள் சொன்ன கதை அவரோடை அறையிலை இருந்த பெடியளுக்குப் போயிட்டுது. கட்டிலை விடச் சொல்லிப்போட்டினம். ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவர், அங்கையும் வர வேண்டாமெண்டிட்டினம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே. யோசிக்க வேணும் எண்டுதானே சொன்னனான்."

"சனம் யோசிச்சது ஐயா. நீங்கள் சொன்னதெண்டபடியால் நல்லா யோசிச்சது."

அந்த மனிதர் நகருக்கு வெளியே கூசேன்வில்லில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டில் இருப்பதாக அறிந்தேன். உறவினர் விமான நிலையத்தில் வேலை செய்பவர். நான் போனபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தேடிப்போனவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த மரியாதை எனக்குக் கூசியது.

"தம்பி, நான் சொன்னது பெரிய பிழை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் என்னை இருக்கச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, ஏன் சிரித்தார் என்று சொன்னார்.

வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் அவர்கள் வீட்டில் அந்தக் கோழி நாடகம் ஒரு ஒலிநாடாவில் இருந்ததாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் கொடுத்துக் கேட்பார்களாம். சுற்றுவது மகனின் வேலை. பெட்டியைப் பிடித்திருப்பது மகளின் வேலை.

"சுத்திறவனுக்குச் சிரிப்பு வந்தால் கை தளர்ந்திடும் ஐயா. சில்லு மெதுவாகும், விதானையாற்றை குரல் இழுபட்டு மாடு கத்தின மாதிரி வரும். அதுக்கு இன்னும் சிரிப்பு. கோழி பேசாமல் நிக்கிற இடத்திலை அவன் வேணுமெண்டே சுத்திறதை நிப்பாட்டிப்போடுவான். அந்தக் கொக் வராது. தங்கச்சிக்காரி அவனுக்கு அடிப்பாள், தாய் பேசுவாள், அவன் சுத்தமாட்டான். அண்டைக்குச் சலூனிலை அந்த இடம் வரேக்கை, இப்பவும் நிப்பாட்டிப்போட்டான் எண்டு நினைச்சிட்டன்."

தேத்தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அவன் இல்லை இப்ப. மனுசியும் மகளும் அங்கைதான் இருக்கினம்," என்றார்.

நான் என்னால் முடிந்ததைச் சொன்னேன்: வேறு இடம் பார்த்துத் தருகிறேன், தெரிந்தவர்களிடம் வேலைக்குச் சொல்கிறேன் என்று. அவர் தலையை அசைத்தார்.

"அதொண்டும் வேண்டாம் ஐயா. சொன்ன இடத்திலை போய், சொன்னது பிழையெண்டு சொல்லுங்கோ. அது காணும்."

அடுத்த ஞாயிறு சலூன் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று, "அண்டைக்கு அந்தத் தம்பியைப் பற்றி நான் சொன்னது பிழை. அவரைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது," என்றேன்.

முன்பு எனக்குச் சாட்சி சொன்னவரே இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, ஆரும் உங்களை வெருட்டினவையோ?"

"இல்லை. நானாகத்தான் சொல்லுறன்."

"வெருட்டினவையெண்டால் நீங்கள் இப்பிடித்தானே சொல்லவேணும்," என்றார் நாற்காலியில் சவர்க்கார நுரையோடு இருந்தவர். வாங்கில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் மறுப்பு அவருக்கு எதிரான இன்னொரு சாட்சியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊருக்குள் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் மகன் கதையைச் சொல்லிவிட்டேன். சைக்கிள், டைனமோ, நின்றுபோகும் குரல், எல்லாவற்றையும். நான் முடித்தபோது கத்தரிக்கோல் சத்தமும் இல்லை.

அது வேலை செய்தது. அந்தக் கிழமைக்குள்ளேயே உணவக முதலாளி தானே அவரைக் கூப்பிட்டார். அறைக்காரப் பையன்கள் கூசேன்வில்லுக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். எனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மகன்ரை கதையை ஏன் ஐயா சொன்னனீங்கள்? அது உங்களுக்கெண்டு சொன்னது."

"வேறை வழி தெரியேல்லை தம்பி. அதைச் சொன்னபடியால்தான் நம்பினவை."

"நம்பினவைதான். வேலையும் வந்திட்டுது. ஆனால் இப்ப நான் போற இடமெல்லாம் கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்ரை முகத்தைப் பாக்கினம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதரிடம் இரண்டாவது முறை.

ஆண்டுத் திவசமும் முடிந்து, வெயில் வந்த பிறகு, ஒரு ஞாயிறு அவர் சலூனுக்கு வந்தார். நான் வாங்கில் இருந்தேன். கோழி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் கடைக்காரர் நிறுத்தப் போனார்.

"ஓடட்டும் தம்பி," என்றார் அவர்.

ஓடியது. விதானையார் கேட்டார். கோழி மௌனமாக நின்றது. வாங்கில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவருக்கு முன் சிரிக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. நாங்கள் காத்திருப்பது தெரிந்ததால் அவராலும் சிரிக்க முடியவில்லை. கொக் வந்தது. விதானையார் உரத்துச் சொல்லச் சொன்னார். யாரும் சிரிக்காத அந்த இடைவெளியில் பழைய பதிவின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் தலைமயிர் வெட்டி, எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு போனார். அவரிடமிருந்து முதல் தடவை நான் பறித்தது அறையும் வேலையும், அவை திரும்பிவிட்டன. நல்லது செய்யப்போய்ப் பறித்தது, பத்துப் பேரோடு இருந்து ஒரு சாதாரண மனிதராகச் சிரிக்கும் உரிமை. அதை என்னால் எங்கும் போய் வாங்கிக்கொடுக்க முடியவில்லை.

சில ஆண்டுகளில் அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு எடுத்தார்கள். அதற்கு முன்பே நான் என்னிடமும் நண்பர்களிடமும் இருந்த பழைய நாடகங்களைத் தேடி எடுத்துப் பிரதி செய்து அனுப்பியிருந்தேன். கிடைத்தது என்று மட்டும் சொன்னார். கேட்டாரா என்று நானும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு அவர் என்னை அழைத்ததில்லை. அழைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பெருநாட்களில் நான் தொலைபேசியில் கூப்பிடுவேன். அவரும் எடுப்பார். சுகம் விசாரிப்போம்.

போன தைப்பொங்கலன்று மாலையில் கூப்பிட்டேன். அவர் எடுத்தபோது பின்னால் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நாடகம் என்று பிடிபடவில்லை. இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிரெஞ்சில் ஏதோ சொல்ல, மற்றவள் தமிழில் ஏசினாள். அவர் சிரிப்பும் குரலில் மிச்சம் இருந்தது. "ஆரது?" என்று சிரித்தபடியே கேட்டார்.

நான் யாரென்று சொன்னேன். ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் தூரமாயிற்று.

"சொல்லுங்கோ ஐயா, சுகமாயிருக்கிறியளோ?" அந்தக் குரல் எனக்குப் பழகிய, கவனமான குரல்.

"சுகம்தான். நீர் உள்ளை போம் தம்பி. நாடகம் முடிஞ்சிடப் போகுது."

"முடிஞ்சால் திரும்பப் போடலாம் ஐயா," என்றார். "நீங்கள் கதையுங்கோ."