தங்கரத்தினத்தின் முள்முருங்கை

முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஓர் இருமல். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தங்கரத்தினத்தின் கை அப்படியே நின்றது. எத்தனை வருடம் போனாலும் அந்த இருமலை அவளால் மறக்க முடியுமா?

அவள் வந்து பார்த்தபோது, வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்தபடி தவராசா கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மகன் சஞ்சீவனுக்குக் கலியாணம். அதுதான் வந்தனான்."

எதற்கு வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

பனிச்சங்குடா இலங்கைத்துறைக்கு அப்பால், கடலுக்கும் களப்பு ஏரிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டு. வள்ளமேறி வந்து முதலில் குடியேறிய நாலு குடும்பங்கள், குடிசை போடுவதற்கு முன்பே ஒரு முள்முருங்கையை நட்டார்களாம். அன்றிலிருந்து ஊர்க் கலியாணப் பந்தல்களில் முதலில் நடும் கன்னிக்கால் அந்த மரத்தின் கிளைதான். மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலையோடு நேரில் வந்து கேட்கவேண்டும். மரம் நிற்கும் வளவின் சொந்தக்காரர் தன் கையால் வெட்டிக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பந்தலில் ஊர்ச்சனம் கால் வைக்காது.

சுனாமியின் உப்புத்தண்ணீரைக் குடித்தும் அந்த மரம் துளிர்த்தது. சண்டையில் ஊரே ஓடிப்போய்த் திரும்பியபோது வீடுகளில் கூரை இல்லை, மரம் மட்டும் நின்றது. இப்போது இளந்தாரிகள் கட்டாரில். பெண்பிள்ளைகள் உப்புவெளி விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். மிஞ்சிய சில வீடுகளில் ஒன்றில், கருவாடு காயப்போட்டுச் சீவிக்கிறாள் தங்கரத்தினம். மரம் நிற்பது அவளுடைய வளவில். கோடையில் தனக்கு இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவாள். ஏன் தெரியுமா? இந்த ஒரு நாளுக்காக.

"உங்கடை வீட்டு அலுமாரி சுகமா இருக்கோ, தம்பி?" என்று கேட்டாள்.

தவராசாவின் முகம் கறுத்தது.

ஷெல் விழுந்த அந்த மாரியில் ஊரிலிருந்த ஒரே உழவு இயந்திரம் அவருடையது. அதன் பின்னால் கொழுவிய பெட்டியில் அவர் வீட்டு அலுமாரி ஏறியிருந்தது. கடலுக்குப் போன புருஷன் அருளம்பலம் திரும்பாத துக்கம் ஆறுமுன்னே, காய்ச்சலில் கொதித்த ஒன்பது வயது மகள் ஜெயரூபியைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கரத்தினம் பின்னால் ஓடினாள். பெட்டியில் இருந்த சின்னச் சஞ்சீவன் கை நீட்டினான். தவராசா அந்தக் கையைத் தட்டிவிட்டார். "இடமில்லை அக்கா, நடந்து வாங்கோ!" சேற்றுவழியில், விடியுமுன், தாயின் தோளிலேயே பிள்ளையின் மூச்சு அடங்கியது.

"அது சண்டைக்காலம், அக்கா. எல்லாருக்கும் உயிர்ப்பயம்."

"அலுமாரிக்கும் உயிர் இருந்ததோ?"

"மன்னியுங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் இல்லை. ஆனா பொடியன் என்ன செய்தவன்? கிளை இல்லாட்டி ஒருத்தரும் வராயினம். பந்தல் வெறும் பந்தலாக் கிடக்கும்."

"அப்ப அந்த அலுமாரியிலை ஒரு காலைக் கழட்டி நடுங்கோவன்."

தவராசா தலை குனிந்தார். கண்ணீர் வெற்றிலையில் விழுந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. இத்தனை காலமும் பட்டினி கிடந்த ஏதோவொன்று உள்ளே வயிறாரச் சாப்பிட்டது.

"அழாதேங்கோ. கிளை தாறன்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"உங்களுக்கில்லை. என்ரை பிள்ளைக்குக் கை நீட்டினவனுக்கு. சஞ்சீவனை அனுப்புங்கோ, என்ரை கையாலை வெட்டிக் குடுப்பன். நானே வந்து நடுவன். ஆனா நீங்கள் பந்தலுக்குள்ளை வரக்கூடாது. தாலி கட்டி முடியும்வரைக்கும் றோட்டிலை நிக்கவேணும். நான் பிள்ளையோடை நிண்ட மாதிரி."

"தகப்பன் இல்லாமல் கலியாணமோ, அக்கா? சபை சிரிக்காதோ? என்னாலை ஏலாது."

"மகள் இல்லாமல் நான் இருக்கேல்லையோ?"

தட்டத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். பிறகு, "ஓம்... நிக்கிறன்," என்றார்.

வெற்றிலைத் தட்டத்தை எடுத்து அவருடைய கையிலேயே திணித்தாள் தங்கரத்தினம்.

"இதையும் அவன் கொண்டு வரட்டும்."

தவராசா இருமிக்கொண்டே படியிறங்கினார். முள்முருங்கையைக் கடக்கும்போது ஒருதரம் நின்று பார்த்தார். அவர் படலையைத் தாண்டும்வரை அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.