ஒன்பது குடமும் ஓர் ஏரியும்

1. லைன் பின்னாடி இருக்கு

எம்.டி. நேராக நான்காவது குடத்தை நோக்கி நடந்து வந்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கேளம்பாக்கத்தில் அந்த ஐ.டி. கம்பெனியின் வரவேற்புக் கூடத்தில் நாங்கள் வரிசையாக நிறுத்தியிருந்த ஒன்பது குடங்களில், முதல் குடத்தைத் தவிர வேறு எதன் பக்கமும் அதுவரை ஓர் ஆள்கூடப் போகவில்லை. இவர் ஒருவர்தான் வந்தார். குடத்துக்குள் எட்டிப் பார்க்கக் குனியவும் போனார். அப்போது முதல் குடத்துக்கு முன்னால் நீண்டிருந்த வரிசையிலிருந்து ஒரு பெண், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் போலிருக்கிறது, அவரைக் கூப்பிட்டார்.

"சார், லைன் பின்னாடி இருக்கு."

எம்.டி. "ஓ, ஸாரி ஸாரி" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவு வரை நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

பக்கத்தில் நின்றிருந்த முரளி சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். எங்கள் வேலையைத் திறப்பு விழாவுக்கு வைப்பதா, தூக்குவதா என்று முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான். அன்று நடந்தது திறப்புக்கு முந்தைய பிரிவ்யூ. கம்பெனி ஆட்களையே கூப்பிட்டு, எதுவும் சொல்லிக்கொடுக்காமல், பார்க்க விட்டிருந்தோம்.

2. குடம் எப்படித் திரையானது

நான் சேலையூரில் கல்யாண வீடியோ மிக்சிங்கில் ஆரம்பித்தவள். பிறகு கேம்ப் ரோட்டில் எல்.இ.டி. வால் என்கிற சுவர் அளவுத் திரைகளை வாடகைக்கு விடும் கடை போட்டேன். கட்சி மேடை, காதுகுத்து, கம்பெனி ஆண்டு விழா என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். எங்கே போனாலும் வாசலில் செக்யூரிட்டி கழுத்தில் மாட்டிவிடுகிற அட்டையில் ஒரே வார்த்தைதான் இருக்கும்: வெண்டர். அடுத்தவர்கள் எடுத்த படத்தை ஓட்டிக் காட்டியே முடி நரைத்தது. நமக்கென்று ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் நரைக்கவில்லை.

முரளி சார் என்னைக் கூப்பிட்டதே எல்.இ.டி. வாலுக்குத்தான். புதுக் கட்டடத்தின் கூடத்தில் தண்ணீரைப் பற்றி ஏதாவது ஓட வேண்டும் என்றார். "சார், தட்டையான திரையில ஓட்டினா ரெண்டு நாள் பாப்பாங்க, மூணாவது நாள் சுவர்னு நினைச்சுக்குவாங்க. நானே ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.

கூட்டாளிகள் இரண்டு பேர். நிவேதா, புரோகிராம் எழுதுகிறவள். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து என் கடை மாடியிலேயே மேசை போட்டுக்கொண்டாள். இன்னொருவர் தணி. பீர்க்கன்கரணையில் ஷெட் வைத்து ஃபைபரில் ஐஸ்கிரீம் கோன், டைனோசர், கடை வாசல் பொம்மை எல்லாம் வார்த்துக் கொடுப்பவர்.

திட்டம் இதுதான். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது போல ஒன்பது குடங்கள் வரிசையாக இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும். ஒவ்வொரு குடத்தின் வயிறும் ஒரு திரை. ஸ்டாண்டுக்குள் இருக்கும் சின்ன புரொஜெக்டர் கண்ணாடி வழியாகக் குடத்துக்குள் படத்தை அடிக்கும். யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் மேலே தொங்கும் சென்சார் கண்டுபிடித்துவிடும். குடம் நிரம்புகிற சத்தத்தோடு அதன் வயிற்றில் தண்ணீர் ஏறும். ஆள் விலகினால் இறங்கிவிடும். ஒன்பது குடமும் ஒரே நேரத்தில் நிரம்பினால்தான் தண்ணீர் வழிந்து, பின்னால் இருக்கும் பெரிய திரையில் ஏரி வரும்.

முதலில் சேலையூர் பாத்திரக்கடையில் நிஜ பிளாஸ்டிக் குடங்களையே வாங்கினோம். பச்சைக் குடத்தில் எல்லாம் பச்சையாகவே தெரிந்தது. வெள்ளைக் குடத்தில் தண்ணீர் தெரிவதற்குப் பதிலாக புரொஜெக்டர் லென்ஸ் ஒரு வெள்ளைப் பொட்டாகக் கண்ணைக் குத்தியது. எங்கள் தொழிலில் இதை ஹாட் ஸ்பாட் என்போம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம், உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. தணி ஒரு பச்சைக் குடத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இத்தப் போட்டு தேச்சிகினு கீறதுல இன்னா வரப்போவுது? நான் அச்சு எடுத்து ஃபைபர்ல ஊத்தித் தரேன். கலர் போடாம வுட்டா பால் மாரி வரும். லைட்டு தெரியும், லென்ஸ் தெரியாது."

அப்படியே வந்தது. சில இடத்தில் தடிமன், சில இடத்தில் மெல்லிசு. அந்த ஏற்ற இறக்கமே கலங்கல் தண்ணீர் போலத் தெரிந்ததால் அதைச் சரிசெய்யாமல் விட்டோம். அச்சுக்குக் கொடுத்த பச்சைக் குடம் மட்டும் வாயோரமெல்லாம் பிசின் ஒட்டி வீணாகிவிட்டது. தணி அதை ஷெட்டில் கை கழுவும் தண்ணீருக்கு வைத்துக்கொண்டார்.

ஏரிக்கான திரையையும் அதே ஃபைபரில் அலை அலையாக மடித்து வார்த்தார். பீர்க்கன்கரணை ஏரியை ஷெட்டுக்குப் பின்னாலிருந்து நானே எடுத்திருந்தேன். தட்டைத் திரையில் அது காலண்டர் படம் போலத்தான் இருந்தது. மடிப்புத் திரையில் போட்டதும், நாம் நடந்தால் கூடவே தண்ணீரும் நகர்ந்தது. நிவேதா வாயை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

ஷெட்டில் தெரிந்தவர்களை ஆளுக்கொரு குடத்தில் நிற்க வைத்து எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஏரி வந்தது. வராமல் என்ன செய்யும், எல்லோருக்கும்தான் விடை தெரியுமே.

குடங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் பெயர்ப் பலகை பற்றி நான் பேச்செடுத்தபோது முரளி சார் கொஞ்சம் யோசித்தார். "போர்டுல ஆர்ட்டிஸ்ட் பேருதானே மேடம் போடுவாங்க? நீங்க சப்ளைதானே?" என்றார். எங்கள் மூன்று பேர் பெயரும் வர வேண்டும் என்றேன். "பிரிவ்யூ நல்லாப் போகட்டும், பாக்கலாம்" என்றார்.

3. ரேஷன் கடை

பிரிவ்யூ எப்படிப் போனது என்று மேலேயே சொல்லிவிட்டேன். குடங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர் ஆட்கள் வந்தார்கள், வரிசையைப் பார்த்தார்கள், வரிசையில் நின்றார்கள். முதல் குடத்தில் ஒருவர் குனிந்தார், தண்ணீர் ஏறியது, விலகினார், இறங்கியது. அடுத்தவர் வந்தார். ஆறாவது குடத்துக்கு நேராகப் போவது குறுக்கே நுழைவது ஆயிற்றே. எம்.டி.க்கே அனுமதி இல்லை. எட்டுக் குடங்கள் காய்ந்துபோய் நின்றன. ஏரி கடைசி வரை வரவேயில்லை.

கூட்டம் கலைந்ததும் முரளி சார் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன மேடம் இது, ரேஷன் கடை மாதிரி ஆயிடுச்சு. எம்.டி. முன்னாடி மானம் போயிடுச்சு. விடுங்க, உங்ககிட்டயே நல்ல எல்.இ.டி. வால் இருக்குல்ல? அதைக் கொண்டாந்து மாட்டிடுங்க. மீன் தொட்டி வீடியோ ஏதாவது ஓடட்டும்."

அதாவது, எனக்கு வர வேண்டிய வாடகை எப்படியும் வரும். குடம் போனால் வால் வரும். போவது எங்கள் ஏரியும் எங்கள் பெயரும்தான். இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆனால் எனக்கு அந்த வாடகையே வேண்டாம் என்றிருந்தது.

"சார், திறப்புக்கு முன்னாடி இன்னொரு தடவை காட்டறேன். அப்பவும் ஏரி வரலேன்னா நானே வாலைக் கொண்டாந்து மாட்டறேன்" என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

4. யார் நிற்பது

திரும்பும் வழியில் வண்டியிலேயே நிவேதா ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, சிம்பிள். குடத்தை வட்டமா வெச்சிடலாம். வட்டத்துல க்யூ நிக்க மாட்டாங்க. இல்லேன்னா தரையில ஸ்டிக்கர் ஒட்டலாம், எந்தக் குடத்துலயும் பாக்கலாம்னு போர்டு வைக்கலாம்."

"வட்டமா வெச்சா அது கோலாட்டம். தண்ணிக்கு நிக்கற குடம் இல்ல."

"அப்ப ஜனங்களை மாத்தப் போறீங்களா?"

"ஜனங்க சரியாத்தான் பண்ணாங்க, நிவேதா. நாமதான் தப்பாக் கேட்டுட்டோம்."

சொன்னபோது நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே முழுசாகப் புரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. ரேஷன் கடை என்ற வார்த்தை மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. முரளி சார் திட்டுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள், யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் அந்தக் குடங்களைப் பார்த்ததும் இது என்ன இடம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டோம்.

வண்டி தாம்பரத்தை நெருங்கும்போது பிடி கிடைத்தது. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாட்களில் மனிதர்கள் யாரும் வரிசையில் நின்றதே இல்லை. குடங்கள்தான் நின்றன. குடத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள், ஸ்கூல் வேனுக்குப் பிள்ளையை அனுப்பப் போவார்கள். குடம் இடம் பிடித்து வைத்திருக்கும். வரிசை நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் காலால் தள்ளி வைப்பார். அந்த இடத்தில் கை வைக்க ஒருத்தருக்கும் தைரியம் வராது. நாங்கள் என்ன செய்தோம்? அவ்வளவு அழகாகக் குடம் செய்துவிட்டு, குடத்தின் வேலையை மனிதர்களிடம் கொடுத்துவிட்டோம். ஆள் விலகினால் தண்ணீர் இறங்கும் என்றால் அது எந்த ஊர்க் குடம்?

நிவேதாவிடம் சொன்னேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் இருந்தால் நடக்க வேண்டும், போனால் நிற்க வேண்டும், அப்போதுதான் தன்னால் நடக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும் என்று வாதாடினாள். அவள் சொன்னதும் சரிதான். அதனால் இரண்டையும் சேர்த்தோம். குனிகிறவரின் நிழல் உருவத்தைச் சென்சார் பிடித்துக்கொள்ளும். அவர் விலகினாலும் தண்ணீர் இறங்காது, அவருடைய உருவம் குடத்தின் வயிற்றில் நீருக்குள் ஆடிக்கொண்டு அப்படியே நிற்கும். உடனே அடுத்த குடம் மட்டும் லேசாக ஒளிரும். வரிசையில் அடுத்தவர் அதற்குப் போவார். இப்படி ஒன்பது பேர் முடித்ததும் ஏரி. ஏரி வடிந்ததும் மறுபடி முதல் குடத்திலிருந்து.

தணியிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு நிற்கவே இல்லை.

"அத்த மொதல்லயே பண்ணியிருக்கலாமேக்கா. குடத்த வச்சிட்டுப் போனா எவன் எடுப்பான்?"

"உனக்கும்தான் தோணல, தணி."

"எனக்குத் தோணல. நானும் ஷெட்டுல நீ சொன்ன எடத்துல நின்னுகினுதான இருந்தேன்."

இரண்டாவது முறை காட்டியபோது முரளி சார் எம்.டி.யைக் கூப்பிடவில்லை. கேன்டீன் ஆட்கள், டிரைவர்கள், நாலைந்து இன்ஜினியர்கள் மட்டும். வரிசை நின்றது. குடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. முடித்தவர்கள் யாரும் போய்விடவில்லை, தங்கள் குடத்தைப் பார்த்தபடி ஓரமாக நின்றார்கள். "அது நான், மூணாவது நான்" என்று ஒரு டிரைவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிரம்பித் தண்ணீர் வழிந்து மடிப்புத் திரையில் ஏரி விரிந்தபோது, முரளி சார் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். பிறகு பலகைக்கு எங்கள் பெயர்களின் ஸ்பெல்லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்.

5. திறப்பு விழா

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் எந்த சென்சார் நல்லது, எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்று கேட்பார்கள். அதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். நான் சொல்வது வேறு. நீங்கள் செய்ததை ஜனங்கள் தப்பாகப் பயன்படுத்தினால் உடனே அறிவிப்புப் பலகை எழுதாதீர்கள். அந்தத் தப்பைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பழக்கம் அதில் இருக்கும். அதை எதிர்த்து நின்றால் உங்கள் வேலை தோற்கும், அதன் மேல் ஏறிக்கொண்டால் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

திறப்பு விழா அன்று ஒரு அடாப்டர் சூடாகிறது என்று நிவேதா சொன்னதால், மாற்று எடுத்துவர சேலையூர் வரை போய்விட்டேன். திரும்பி வந்தால் வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லையாம். வழக்கம்போல வெண்டர் அட்டையை மாட்டிவிட்டார்கள், அதற்கும் உள்ளிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பலகையில் பெயர் உள்ளே இருக்கிறது, ஆள் வெளியே இருக்கிறேன். மனசு கசந்துபோய்த்தான் உள்ளே நுழைந்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. அடாப்டரை நிவேதாவிடம் கொடுத்துவிட்டு முதல் குடத்தின் அருகே போனேன். வரிசையில் அதே பெண், எம்.டி.யையே பின்னால் அனுப்பியவர், நின்றிருந்தார்.

"மேடம், லைன் பின்னாடி இருக்கு."

திரும்பப் போனவள் அப்போதுதான் பார்த்தேன். அவருக்கு நேர் முன்னால், வரிசையில் ஓர் ஆள் நிற்கும் இடத்தில், ஆள் இல்லை. பளபளக்கும் தரையில், வாயோரம் பிசின் ஒட்டிய பச்சைக் குடம் ஒன்று நின்றது. வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே குடத்தைக் காலால் ஓரடி தள்ளி வைத்தார். எதிரே தூணில் சாய்ந்து நின்ற தணி வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோட குடம்?" என்று கேட்டேன்.

"ஏரி பண்ணவங்களோடது. வந்துருவாங்களாம், எடத்தப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனார் அந்த அண்ணா."

"அது நான்தான்."

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அரை அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அது பிடித்து வைத்திருந்த இடத்தில் நின்றேன்.