கழுவாமல் வைத்த டம்ளர்

புத்தலப்பட்டில் விவசாயம் செய்யும் என் நைனாவுக்கு வயது அறுபத்தைந்து. ஓட்டல் பக்கமே போகாதவர். எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் அவரைத் திருப்பதியில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். காபி குடித்தவர், கைகழுவும் குழாயில் டம்ளரைக் கழுவத் தொடங்கினார். எல்லோரும் பார்க்கவே, "மானத்த வாங்காத நைனா" என்று சீறிவிட்டேன்.

"எங்க காலத்துல ஊர் டீக்கடைல நம்மள வெளிய நிக்க வச்சி தனி டம்ளர்லதாம்மா குடுப்பாங்க. கழுவி வச்சிட்டுதான் வரணும். அப்பிடியே வச்சிட்டு எழுந்து வந்ததே இல்ல" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் அவரை அங்கே அழைத்துப் போகிறேன். குடித்த டம்ளரை மேசை நடுவில் தள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடக்கிறார் நைனா. காபி சுமார்தான், அந்த நடையைப் பார்க்கத்தான் நான் போகிறேன்.