மழை நாளில் வந்த ஒன்பது தலை

அன்று மதியம் வரை ஒரு ஆள்கூட வரவில்லை. ஐப்பசி மழை. ராட்டினத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தீம் பார்க்கில் கேட்டில் நின்று தலை எண்ணுவது என் வேலை. கையில் கவுண்டர் மிஷின், தலைக்கு ஒரு அமுக்கு. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் வரும். ஒரு தலை பிசகியதில்லை.

ரோட்டுக்கு எதிரே இன்னொரு பார்க். கூட்டம் யாருக்கு அதிகம் என்பதில் இரண்டு முதலாளிகளுக்கும் போட்டி. எங்கள் முதலாளி நம்ம ஊர்த் தமிழர்தான், ஆனால் பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர், அதனால் பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி முசியே என்போம். காலையிலேயே வந்து சத்தம் போட்டார்.

"கூட்டம் கொறையல ஆயா, நீ எண்றதுதான் கொறையுது. இன்னைக்கி அவன வுட ஒரு தலை கொறஞ்சாலும் நாளைக்கி கேமரா வச்சிடுவேன். நீ வூட்ல இரு."

மதியத்துக்கு மேல் மேனேஜரையும் சேர்த்து ஏழு பேரை, டிக்கெட் எடுத்துப் போய் எதிர் பார்க் கூட்டத்தை எண்ணிவர அனுப்பினார்.

அவர்கள் எதிர் பார்க்குக்குள் போகுமுன் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில், இங்கே ஒன்பது பேர் ரெயின்கோட்டில் வந்து டிக்கெட் எடுத்தார்கள். முன்னால் வந்தவள் அஞ்சலை. வைத்திக்குப்பத்தில் என் பக்கத்து வீடு. எதிர் பார்க் கேட்டில் தலை எண்ணுகிறவள்.

"என்னாடி, நீயா?"

"எங்க மொதலாளி உங்க கூட்டத்த எண்ணினு வரச் சொன்னாருக்கா."

"அங்க யாரு எண்ணுவா?"

"யாரு வரப்போறா இந்த மழையில!"

டிக்கெட் கொடுக்கிற பாலு, "வேவு பாக்க வந்தவங்க ஆயா, எண்ணாத" என்றான்.

"டிக்கெட் கிழிச்சியா? தலை உள்ள போச்சா? அப்ப கூட்டந்தான்" என்று ஒன்பது அமுக்கு அமுக்கினேன்.

சாயந்திரம் எங்கள் ஆட்கள் நனைந்து திரும்பினார்கள்.

"அங்க ஏழு பேரு முசியே."

"யாரு யாரு?"

"நாங்கதான்."

முசியே என் மிஷினைப் பார்த்தார். "ஒம்போது! ரெண்டு தலை ஜாஸ்தி!" என்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கேமரா பேச்சே எடுக்கவில்லை.

எதிர் பார்க் கணக்கில் அன்று பூஜ்யம். எண்ணுகிறவள்தான் எங்களிடம் இருந்தாளே! மறுநாள் அங்கே கேமரா வந்தது, அஞ்சலைக்கு வேலை போனது. அவளைக் கூட்டிக்கொண்டு முசியேவிடம் போய் நின்றேன்.

அவர் யோசித்தார். "ரெண்டு பேரு எண்ணுனா கூட்டம் ஜாஸ்தி ஆவும் இல்ல?"

நான் ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. அஞ்சலைக்கு வேலை கிடைத்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணிக்கையில் ஒருநாளும் பொய் சொல்லாதீர்கள். முதலாளி தானாகத் தப்பாக நினைத்துக்கொண்டால் மட்டும் குறுக்கே போகாதீர்கள்.